சினத்தின் ஆயுள்



தசலக்ஷண தருமங்களுள் முதலாவதாக நிற்பது உத்தம க்ஷமை. பாத்ரபத மாத வளர்பிறைப் பஞ்சமியன்று ஜினாலயத்தில் அதற்குரிய பூஜையைச் செய்து, அர்க்கியம் சமர்ப்பித்து, பொறுமையின் பெருமையைக் கூறும் உரையையும் செவிமடுத்து வீடு திரும்புகிறோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்திலோ, பள்ளியிலோ, நெல் மண்டியிலோ ஒருவர் நம் எதிரே வந்து நின்று உரத்த குரலில் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். முந்தைய நாள் கேட்ட உரையில் ஒரு வரியேனும் அப்போது நினைவுக்கு வருவதில்லை. கோயிலில் பொறுமையாக இருப்பது அரிய செயலன்று. அங்கே நம்மை வைகின்றவர் எவருமில்லை.

இல்லறத்தாராகிய நாம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பணியிடத்தில்தான் கழிகிறது. ஹிம்சையை நான்காகப் பகுத்த நம் முன்னோர், தொழிலின் காரணமாக நேர்வதை 'உத்யோகி' எனத் தனியே எண்ணினார்கள். உழவில் மாளும் புழுவையும் ஆலையில் அரைபடும் வண்டையும் எண்ணி நாமும் வருந்துகிறோம். பொழுது சாயுமுன் உணவருந்த வேண்டுமே என்று மாலைப் பேருந்துக்கு ஓடுகிறோம். ஆனால் அதே நாளில் எதிர் மேசைக்காரர்மீது வீசிய சொல்லை, சூட்டோடு எழுதி அனுப்பிய ஒரு வரியை, எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. தொழிலுக்குத் தவிர்க்கவியலாத ஹிம்சைக்குத்தான் இல்லறத்தானுக்குச் சலுகை உண்டு. அந்தச் சொல்லோ தொழிலுக்கு எவ்வகையிலும் வேண்டப்பட்டதன்று.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கும், அனந்தானுபந்தி, அப்பிரத்தியாக்கியானம், பிரத்தியாக்கியானம், சஞ்ஜ்வலனம் என நந்நான்காக விரியும். இதனைச் சிறுவயதிலேயே பாடசாலையில் ஒப்பித்திருக்கிறோம். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் அருளிய கோம்மடசாரத்தில் சினத்தின் வன்மை மென்மைகளுக்கு நான்கு உவமைகள் வருகின்றன. கல்லில் கீறிய கோடு, நிலத்தில் விழுந்த வெடிப்பு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என்பன அவை. நீர்க்கோடு போன்ற சினத்தின் வாசனை ஓர் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்கு உட்பட்டது. புழுதிக்கோடு ஒரு பக்ஷம், 15 நாட்கள் நிற்கும். நிலவெடிப்பு 6 மாதங்கள். கல்லில் விழுந்ததோ அதனையும் கடந்து, பிறவி பிறவியாகத் தொடரும். நான்கிலும் கீறுதல் என்னும் செயல் ஒன்றே. அது எத்தனை நாள் நிற்கிறது என்பதிலேதான் வேற்றுமை இருக்கிறது.

இல்லறத்தானை நோக்கி, 'உனக்குச் சினமே எழலாகாது' என்று ஆகமம் ஆணையிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மகாவிரதம் பூண்ட முனிவருக்கும் நீர்க்கோடு உண்டு. சஞ்ஜ்வலனக் குரோதம் அடியோடு அறுவது ஒன்பதாம் குணஸ்தானத்தில்தான். ஆனால் அணுவிரதம் ஏற்ற சிராவகனின் சினம் ஒரு பக்ஷத்தைத் தாண்டலாகாது. விரதம் ஏற்காவிடினும் நற்காட்சியுடையவன் என்று சொல்லிக் கொள்பவனின் சினம் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் அவன் நற்காட்சியே ஐயத்துக்குரியதாகிறது. பணி ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழிந்த பின்பும், பழைய அதிகாரி ஒருவரின் பெயரைக் கேட்டவுடன் முகம் சிவக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்கள் நாள்தோறும் ஜினதரிசனம் செய்கிறவர்கள். இரவு உணவு கொள்ளாதவர்கள். இதை எழுதும்போது நம் நெஞ்சையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறோம்.

கல்லில் விழுந்த கோட்டுக்கு ஸ்ரீபுராணத்தில் கமடனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. போதனபுரத்து அரவிந்த மன்னனின் அமைச்சர் மகன்கள் கமடனும் மருபூதியும். தம்பி மருபூதியின் மனைவியிடம் முறைதவறி நடந்த கமடனை அரசன் நாடு கடத்தினான். அவனோ தாபதர்களுடன் சேர்ந்து, பாறை ஒன்றைக் கையில் ஏந்தித் தவம் செய்துகொண்டிருந்தான். அண்ணனுக்கு நேர்ந்த அவமானத்துக்காக மன்னிப்பு வேண்டித் தேடிச் சென்ற தம்பி, காலில் விழுந்தான். தாழ்ந்த அந்தத் தலைமீதே ஏந்திய கல் வீழ்ந்தது. அந்த ஒரு கணத்துக்குப் பின் ஒன்பது பிறவிகள். மருபூதியின் உயிர் இறுதியில் பார்சுவநாத சுவாமியாகத் தவத்தில் நின்றபோதும், கமடனின் உயிர் அதே பகையோடு உபசர்க்கம் செய்ய வந்தது. நாகப்படம் குடையாக விரிந்த திருமேனியை வணங்கும்போதெல்லாம், அதற்குக் காரணமாகிய பகை அரச பணியிலிருந்த ஒரு குடும்பத்தில் தொடங்கியது என்பதை எண்ணிக் கொள்வது நல்லது.

இனி, சினம் எழுவதற்கும் சினத்தால் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோம். மேலதிகாரி கடிந்துரைக்கிறார், உள்ளே தீ மூள்கிறது. மூண்டது முன்வினையின் உதயம். அதிகாரி அதற்கு நிமித்தம் மட்டுமே. அந்த உதயத்தின் வழியே வாயையும் கையையும் ஓடவிடுவதால் விளைவது புதிய வினைக்கட்டு. இக்கட்டு பிரகிருதி, பிரதேசம், ஸ்திதி, அனுபாகம் என நால்வகைப்படும். முன்னிரண்டும் மனம், மொழி, மெய் இவற்றின் அசைவாகிய யோகத்தால் நேர்வன. எத்தனை காலம் ஒட்டியிருக்கும், எவ்வளவு கடுமையாகப் பயன் தரும் என்னும் பின்னிரண்டையும் முடிவு செய்வது கஷாயம். ஆகவே, 'இந்தக் கணக்குத் தவறு, திரும்பப் போடுங்கள்' என்ற ஒரே வாக்கியத்தை இருவர் சொன்னாலும், ஒருவருக்கு அது உலர்ந்த சுவரில் பட்ட தூசியாக உதிரும். மற்றவருக்கு எண்ணெய்ச் சுவரில் பட்ட தூசியாக ஒட்டும். வாக்கியத்தில் வேற்றுமை காண முடியாது. உதயத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இல்லறத்தானின் முயற்சிக்குக் களம் அதுவே.

அந்த இடைவெளியை நாம் இழந்த கதை ஒன்று உண்டு. சொல்ல வெட்கமாயினும் சொல்லத்தான் வேண்டும்.

1988-ஆம் ஆண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருந்தோம். ஓர் அறிக்கை கேட்டு மேல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்துக்கு மறுமொழி போகவில்லை. நினைவூட்டு ஒன்று வந்தது, இன்னொன்றும் வந்தது. அதிகாரி நம்மைத் தம் அறைக்கு அழைக்காமல் நேரே பிரிவுக்கே வந்து, பன்னிரண்டு பேர் முன்னிலையில், 'சம்பளத்துக்கு நீளும் கை கோப்புக்கு நீளாதோ?' என்று கேட்டார். அன்று பிற்பகலே விளக்கம் கோரும் குறிப்பாணை மேசைக்கு வந்தது. விளக்கமளிக்க 15 நாள் அவகாசம் தரப்பட்டிருந்தது. நாம் அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டோம்.

அது நல்ல நடையில் அமைந்திருந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது. சினம் சொல்வளத்தைத் தாராளமாகவே தருகிறது. 'குறிப்பிடப்படும் கடிதம் எமக்கு வழங்கப்படவே இல்லை. பகிர்மானப் பதிவேட்டில் எமது சுருக்கொப்பம் இல்லாமையே அதற்குச் சான்று. தபால் எழுத்தரின் கவனக்குறைவுக்கு நாம் பொறுப்பாக இயலாது' என்று எழுதினோம். பதிவேட்டில் சுருக்கொப்பம் இல்லை என்பது உண்மையே. ஆனால் வேலை மிகுந்த நாட்களில் அவர் தபால்களைக் கொண்டுவந்து நிற்கும்போது, 'வைத்துவிட்டுப் போங்கள், ஒப்பம் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்லி அனுப்புவது நம் வழக்கம். அந்த வழக்கம் அந்த அரை மணி நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பொய் எழுத வேண்டும் என்று நாம் எண்ணவில்லை. தனக்குச் சாதகமானதை மட்டுமே காணும் கண் ஒன்று வெகுளியில் திறந்துகொள்கிறது. அதன் வழியே பார்த்தோம்.

தபால் எழுத்தரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. 'நேரில் கொடுத்தேன்' என்பதைத் தவிர அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை; காட்ட ஒப்பமும் இல்லை. விதி 17(அ)-இன் கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டு, அவருடைய ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. தண்டனை நடப்பில் இருந்தமையால் அவ்வாண்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. நம்மைவிட எட்டு வயது மூத்தவர். நான்கு பெண்களுக்குத் தந்தை.

மறு ஆண்டு நமக்கு மாறுதல் வந்தது. பொறுப்பை ஒப்படைப்பதற்காக அலமாரியைக் காலி செய்தபோது, வேறொரு கோப்பின் தாள்களுக்கு நடுவே அந்தக் கடிதம் இருந்தது. அவர் கையெழுத்தில் வரிசை எண்ணும் தேதியும் சிவப்பு மையில் தெளிவாக இருந்தன. முனிவர்களின் ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபணம் என்று ஒன்று உண்டு; ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடிருத்தல். கமண்டலத்துக்கும் பிச்சிக்கும் உரியது அது என்றே அதுவரை நினைத்திருந்தோம். ஒரு தாளை வைத்த இடத்தில் தவறினோம். பின்பு மொழியில் தவறினோம். இரண்டுக்கும் விலை கொடுத்தவர் வேறொருவர்.

அதிகாரிக்கு உள்ளதை உள்ளவாறு எழுதிக் கொடுத்தோம். அவர் மேல்முறையீடு செய்தார்; தண்டனை நீக்கப்பட்டது; பணமும் வந்தது. கழிந்த ஆண்டு வரவில்லை.

இதைப் படிக்கும் இளைஞர் சிலர், 'அப்படியானால் எவர் என்ன சொன்னாலும் வாய்மூடி இருக்க வேண்டுமா? பணியிடத்தில் உடனுக்குடன் பதில் சொல்லாதவனை ஏமாளி என்றல்லவா எண்ணுவார்கள்?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விடை நம் திருத்தக்கதேவரிடம் இருக்கிறது.

சீவக சிந்தாமணியை மணநூல் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் அடிநாதமோ, ஆசிரியர் ஒருவர் மாணாக்கனிடம் பெற்ற வாக்குறுதி. ஏமாங்கத நாட்டின் சச்சந்த மன்னனைக் கொன்று அரியணை கவர்ந்தவன் அவனுடைய அமைச்சன் கட்டியங்காரன். சுடுகாட்டில் பிறந்த சீவகன், வணிகன் கந்துக்கடன் மனையில் வளர்கிறான். கல்வி நிறைந்தபின் ஆசான் அச்சணந்தி, எவனோ ஒருவனுடைய கதையைப்போல அவன் பிறப்பை அவனுக்கே சொல்லி, முடிவில், 'அவன் நீயே' என்கிறார். சீவகன் கொதித்தெழுகிறான். ஆசான் பகையை மறந்துவிடும்படி கேட்கவில்லை. நாட்டை விட்டுக் கொடுக்கும்படியும் கேட்கவில்லை. ஓராண்டு எல்லைவரை அவன்மேல் சினங்கொள்ளாதிருக்க வேண்டும் என்பதை மட்டும் வேண்டிப் பெறுகிறார். எவ்வளவு நுண்ணிய வேண்டுகோள்! 'ஒருபோதும் சினவாதே' என்றிருந்தால் அந்த இளைஞன் தலையசைத்துவிட்டு அன்றே மறந்திருப்பான்.

அவ்வாக்குறுதி சோதனைக்கும் உள்ளாகிறது. பின்னாளில் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைப் பிணிக்க வருகிறார்கள். அனைவரையும் வெல்லும் ஆற்றல் அவனிடம் உண்டு. ஆசானின் சொல்லை எண்ணிக் கட்டுண்கிறான். சுதஞ்சணன் என்னும் தேவன் வந்து விடுவிக்கிறான். அதன்பின் அவன் சோம்பியிருக்கவில்லை. நாடுகள் பல செல்கிறான், தாயைக் காண்கிறான், மாமன் கோவிந்த மன்னனின் துணையைப் பெறுகிறான். உரிய காலத்தில் உரிய முறையில் போரிட்டு அரசை மீட்கிறான். சினந்தெழுந்த அன்றே புறப்பட்டிருந்தால் வில் ஒன்றும் தோழர் சிலரும் மட்டுமே உடனிருந்திருப்பார்கள். ஆகவே பொறுத்தல் என்பது பணிந்துபோதல் அன்று. முறையற்ற ஆணைக்கு மேல்முறையீடு செய்வதும், பிறர்மீது சுமத்தப்பட்ட பழியைச் சான்று காட்டி மறுப்பதும், தவறு செய்யும் ஊழியரைத் திருத்துவதும் கஷாயமாகா. எந்தக் கையால் எழுதுகிறோமோ அந்தக் கை நடுங்காதிருக்கும் வரையில் காத்திருந்து எழுதினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்மவருள் பலர் பதில் சொல்வதில்லை, உண்மைதான். தலைகுனிந்து கேட்டுக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிவிடுவார்கள். அதனைக் க்ஷமை என்று தாமும் நம்பி, பிறரும் நம்புமாறு செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல் மனைவியின்மீதோ குழந்தையின்மீதோ இறங்கும். அல்லது எங்கும் இறங்காமல் உள்ளேயே தங்கி, அடுத்த ஆண்டுக் கணக்கு முடிவில் அந்தச் சக ஊழியரின் விடுப்பு விண்ணப்பத்தை மூன்று நாள் தாமதப்படுத்தும் வடிவில் வெளிவரும். மேலே வெடிப்புத் தெரியவில்லை என்பதால் நிலம் வெடிக்கவில்லை என்றாகிவிடாது. உடனே கத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் ஒன்றாக அமர்ந்து தேநீர் பருகுபவரின் கோடு, ஒருவேளை இவருடையதைவிட விரைவில் அழியக்கூடும். கத்துவது நல்லது என்று சொல்ல வரவில்லை. அளவுகோல் உரத்த குரல் அன்று, காலம் என்றே சொல்கிறோம். கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டு அதற்கு நிதானம் என்று பெயரிடுபவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் வேறு கஷாயத்தைச் சேர்ந்தவர்கள்.

முற்காலத்தில் விளக்கம் எழுதினால் அது தட்டச்சாகி, ஒப்பமாகி, உறையிலிடப்பட்டுப் போய்ச் சேர ஓரிரு நாட்கள் ஆகும். அந்தத் தாமதமே ஒரு காவலாக இருந்தது. நம்மைப் போன்றவர்கள்தாம் காவலையும் மீறி எழுதியதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்று அலுவலகத்துக்கென வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இரவு பத்து மணிக்கு அதிகாரி ஒரு வரி இடுகிறார். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு நாற்பது பேர் பார்க்கப் பதில் போய்விடுகிறது. கட்டைவிரல் அசைவும் காயயோகமே.

சாமாயிகத்தின் குறைந்த அளவு இரண்டு நாழிகை, 48 நிமிடங்கள். நீர்க்கோட்டின் ஆயுளும் அதற்குட்பட்டதே. பணியிடத்தில் பத்மாசனமிட்டு அமரச் சொல்லவில்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அனுப்பாமல், இரண்டு நாழிகை வேறு வேலையைப் பார்க்கலாம். பிறகு எடுத்துப் படிக்கும்போது, பிறர் பெயர் வருமிடத்தில் அவரே நம் தோளருகே நின்று படிப்பதாக எண்ணிக்கொண்டு படிக்கலாம். நாம் அந்த 1988-இல் இதைச் செய்திருந்தால், 'ஒப்பம் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்ற நம் குரலே நமக்குக் கேட்டிருக்கும். மாலைப் பிரதிக்கிரமணத்திலும் பணியிடத்துக்கு இடம் தர வேண்டும். ஓரறிவுயிர் தொடங்கி வரிசையாக மன்னிப்பு வேண்டிக்கொண்டு வரும் நாம், மனமுடைய ஐம்பொறி உயிர் என்னும் இடம் வரும்போது பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்த இடத்தில் நின்று, அன்றைய நாளில் எதிர் மேசையில் இருந்தவரின் முகத்தை நினைக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த ஆண்டின் க்ஷமாவணி நாளில் அந்தத் தபால் எழுத்தரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். நாம் வந்த காரணத்தைச் சொன்னதும் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். உள்ளே குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் செய்தார். 'கிடைச்ச கடிதத்தைக் கிழிச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது? நீங்க செய்யலை. அது சரி. ஆனா மன்னிச்சுட்டேன்னு இன்னிக்கே சொன்னா அது பொய்யாயிடும் சார். எனக்குக் கொஞ்ச நாள் வேணும்' என்றார். நாம் எழுதிய விளக்கத்தைவிட அது எவ்வளவு நிதானமான மறுமொழி என்று பேருந்தில் திரும்பும்போது எண்ணிக்கொண்டு வந்தோம்.

எட்டு மாதங்கள் கழிந்து அவருடைய இரண்டாம் மகளின் திருமண அழைப்பிதழ் நம் புதிய அலுவலக முகவரிக்கு அஞ்சலில் வந்தது. ஓரத்தில், பழகிய அதே சிவப்பு மையில், வரிசை எண்ணும் தேதியும் இட்டு, 'பெற்றுக்கொண்டமைக்கு உடன் சுருக்கொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். ஒப்பமிட்டு அன்றைய தபாலிலேயே அனுப்பினோம்.